பழகிய மனிதரோடு இரண்டு நாட்கள்

கிள்ளானிலிருந்து வடக்கே புறப்பட்டு, ஜெராம், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் என்னும் ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுக்கொண்டு பெர்ணம் ஆற்றை நோக்கிச் செல்லும் 5-ஆம் எண் கூட்டரசுச் சாலை, வாரத்தின் வேலை நாட்களில் நெல்லும் மீனும் செம்பனைக் குலையும் ஏற்றிச் செல்லும் லாரிகளுக்கே பெரும்பாலும் உரியதாக இருந்து, சனிக்கிழமை பொழுது புலர்ந்ததும் தலைநகரத்துக் குடும்பங்களின் சாலையாக மாறிவிடுகிறது. அந்தச் சாலையின் வடகோடியில், சுங்கை ஆயர் தாவாரில் வசிக்கும் எனக்கு இந்த வருகை சந்தோஷம் தருவதே. நகரத்துப் பிள்ளைகள் நெற்கதிரையும் கடற்சேற்றையும் கண்ணால் கண்டு திரும்புவதை யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆயினும், அந்தக் கார்களில் வரும் நம் தமிழ்க் குடும்பங்களைக் கவனிக்கும்போது ஒரு விஷயம் மனத்தை உறுத்துகிறது. வாரம் முழுவதும் ஒரே கூரையின் கீழ் இருந்த நால்வர், வார இறுதியிலும் அதே நால்வராக, ஒரே காரில் வந்து, ஓரிடத்தில் இறங்கிப் படம் பிடித்து, அடுத்த இடத்துக்கு விரைந்து, இருட்டுவதற்குள் திரும்பிப் போகிறார்கள். தாத்தாவோ பாட்டியோ கூட வருவது அபூர்வம். பால்ய சினேகிதர் ஒருவரும் அவர் மனைவி மக்களும் சேர்ந்து வருவது அதைவிட அபூர்வம். தோட்டத்து வம்சத்தில் பிறந்து வளர்ந்தவர்களாகிய நமக்கு வார இறுதிப் பிரயாணத்தின் முதற் பிரயோஜனம், நம்மைவிட்டுச் சிதறிப்போன பழைய மனிதரோடு மீண்டும் ஓரிரவு தங்கியிருப்பதே என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

ஓய்வுக்காக ஊர் விட்டு ஊர் போய்த் தங்குவது இந்நாட்டில் யாருக்கு உரிய வழக்கமாகத் தொடங்கியது என்பதைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம். ரப்பர் தோட்டங்களை ஆண்ட வெள்ளைக்காரத் துரைமார்கள், சமவெளியின் உஷ்ணத்திலிருந்து தப்பிக் குளிர்ந்த காற்றை நாடுவதற்காகவே, பிரேசர் மலையும் கேமரன் மலையும் சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் வாசஸ்தலங்களாக உருவாயின. அதே காலத்தில் அவர்களுடைய தோட்டங்களில், விடியுமுன் பெரட்டுக்கு வரிசையில் நின்று, மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டி, வாளி சுமந்து ஸ்டோருக்கு நடந்த நம் முன்னோர்களுக்கு மலையும் இல்லை, விடுதியும் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு இருந்தது. அந்த ஒரு நாளையும் கூடுதல் கூலிக்காக வேலைக்குக் கொடுத்தவர்கள் அநேகர். வாரந்தோறும் ஒரு முழு நாள் ஓய்வு தொழிலாளியின் உரிமை என்று 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் எழுதிவைத்தபோதும், உரிமை இருந்ததே தவிர, அந்த நாளை எங்கேனும் போய்க் கழிப்பதற்குரிய பணமும் வாகனமும் லயத்து வீடுகளில் இருக்கவில்லை.

அப்படியிருந்தும் தோட்டத்து ஜனங்கள் பிரயாணமே அறியாதவர்களாக இருந்துவிடவில்லை. தைப்பூசம் வந்தால் பத்துமலைக்கு லாரி போகும். சித்ரா பௌர்ணமி வந்தால், பெர்ணம் ஆற்றுக்கு இப்புறம் இருந்த தோட்டங்களிலிருந்து, தெலுக் இந்தானில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் உற்சவத்துக்குக் கூட்டங்கூட்டமாகப் போவார்கள். ஏதோ ஓர் ஆண்டில், பக்கத்துத் தோட்டத்தோடு நடந்த பந்தாட்டத்தில் வெற்றி பெற்ற உற்சாகத்தில் ஜெராம் கடற்கரைக்கும் போய் வருவார்கள். முதல் நாள் இரவே ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, புளிச்சோறு கிளறி, நெத்திலிச் சம்பல் வதக்கி, முட்டை அவித்து, வாழையிலையில் பொட்டலம் கட்டி வைப்பார்கள். லாரியின் பின்புறத்தில் பாயை விரித்து, முதியவர்களை நடுவில் உட்காரவைத்து, பிள்ளைகளை யார் மடியிலாவது ஏற்றி, பாட்டுப் பாடிக்கொண்டே போவார்கள். அந்த லாரியில் குடும்பம் எது, நண்பர் கூட்டம் எது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் சித்தப்பா, எதிர் வரிசை அம்மாள் அத்தை, ஒரே பெஞ்சில் படித்தவன் சகோதரன். இரத்த உறவு அறவே இல்லாத இடத்தில் உறவுமுறையை உண்டாக்கிக்கொண்டு, அதை மூன்று தலைமுறை மெய்யாகவே காப்பாற்றி வந்த சமூகம் அது.

அந்தச் சமூகம் எவ்வாறு கலைந்தது என்பதை இந்த வட்டாரத்தைவிடத் தெளிவாகக் காட்டக்கூடிய இடம் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். இன்று பெஸ்தாரி ஜெயா என்று வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில், 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வர்த்தகச் செம்பனைச் சாகுபடியைத் தொடங்கினார். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றவரும் அவரே. அன்று நட்ட அந்த மரம், அரை நூற்றாண்டுக்குப் பிறகு ரப்பரைத் துரத்திக்கொண்டு கோல சிலாங்கூர் முழுவதும் பரவியபோது, அதற்கு வேண்டிய கைகள் ரப்பருக்கு வேண்டிய கைகளைவிடக் குறைவாக இருந்தன. அதற்கு முன்பே, 1950-களில், சுதந்திரம் வரும் வேளையில், வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்க, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தன. அந்த ஆபத்தைக் கண்டு மனம் பதைத்துத்தான் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளிகளின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கும் முயற்சியில் இறங்கினார். அந்த முயற்சி காப்பாற்றியதும் உண்டு. காப்பாற்ற முடியாமற் போனது அதைவிட அதிகம். பிறகு வீடமைப்புத் திட்டங்களும் புதிய நகரங்களும் எழுந்தன. லயம் காலியாயிற்று, காப்பார், மேரு, ஷா ஆலம், ரவாங், சுங்கை பூலோ என்று ஆளுக்கொரு தாமானில், அடுக்குமாடியில், வாடகை வீட்டில் ஜனங்கள் குடியேறினார்கள்.

வேலையும் வீடும் போனதைப் பற்றி நாம் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம், மகஜர் கொடுத்திருக்கிறோம். அண்டை வீட்டார் போனதைப் பற்றிப் பேசியது சொற்பம். அரசாங்க ஊழியர்களுக்கு வாரத்தில் 5 நாள் வேலை என்ற ஏற்பாடு 2005 ஜூலையில் வந்தது. அதற்கு முன்னும் பின்னுமாகத் தனியார் உத்தியோகங்கள் பலவற்றிலும் சனிக்கிழமை விடுமுறையாயிற்று. 2023-இன் தொடக்கத்திலிருந்து சட்டம் அனுமதிக்கும் வாராந்திர வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. ஆகவே, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் அண்டை வீட்டார் இருந்த காலத்தில் அவர்களோடு உல்லாசமாகக் கழிக்க நமக்கு நேரம் இருக்கவில்லை. நேரம் கிடைத்த இந்தக் காலத்திலோ, அந்த அண்டை வீட்டார் நாற்பது மைல் சுற்றளவில் இருபது தாமான்களில் இருக்கிறார்கள். இந்த விபரீதத்தைச் சரிசெய்வதற்கு நம் கையில் இருக்கும் சாதனம் அந்த இரண்டு நாட்களைத் தவிர வேறில்லை. பழைய தோட்டத்து ஒன்றுகூடல் என்ற பெயரில் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, விருந்துண்டு கலையும் வழக்கம் இப்போது பரவி வருவதை நான் வரவேற்கிறேன். ஆனாலும் ஒலிபெருக்கி முழங்கும் மண்டபத்தில் முந்நூறு பேருக்கிடையே மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுவதால், ஒருவர் பிள்ளைகளை மற்றவர் பிள்ளைகள் அறிந்துகொள்வதில்லை. சேர்ந்து உண்டு, சேர்ந்து உறங்கி, மறுநாள் காலையில் பல் துலக்காத முகத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்போதுதான் சினேகம் அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறது. நாலைந்து குடும்பம் போதும். ஓரிரவு தங்கல் மட்டும் அவசியம்.

எங்கே தங்குவது என்று கேட்பவர்களுக்கு, நம் கோல சிலாங்கூரைவிட்டு வேறெங்கும் போக வேண்டாம் என்பேன். இரவானால் கம்போங் குவாந்தானுக்குப் போகலாம். சிலாங்கூர் ஆற்றின் கரையில் இருக்கும் அந்தச் சிறு கிராமத்தின் படகுத்துறையில், இயந்திரமில்லாத சம்பான்கள், ஒரு படகோட்டியும் நாலு பேருமாக, துடுப்பின் ஓசை மட்டுமே கேட்கப் புறப்படுகின்றன. கொஞ்ச தூரம் போனதும், பெரெம்பாங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் கரையோர மரங்களில், இலைக்கு இலை மின்மினிகள் அமர்ந்து, ஒரு மரம் முழுவதும் ஒரே தாளத்தில் எரிந்தும் அணைந்தும் ஒளிர்வதைக் காணலாம். உலகத்தில் மின்மினி இல்லாத தேசம் குறைவு. ஆனால் இவ்வாறு ஆயிரக்கணக்கில் ஒரு மரத்தில் கூடி, ஆண் பூச்சிகள் யாவும் தம் ஒளியை ஒன்றோடொன்று இசைவித்துப் பெண் பூச்சிகளை அழைக்கும் இனங்கள் சிலவே. அவற்றுள் ஒன்று இங்கே, நம் வீட்டு வாசலில் வாழ்கிறது. நிலவில்லாத, மழையில்லாத இரவே உத்தமம்.

அந்தப் படகு விஷயத்தில் என்னுடைய யோசனை ஒன்றுண்டு. குடும்பத்துக்கு ஒரு படகு என்று ஏறாதீர்கள். உங்கள் தாயாரையும் உங்கள் நண்பரின் மகளையும் ஒரு படகில் ஏற்றுங்கள். உங்கள் மகனை நண்பரின் தகப்பனாரோடு உட்காரவையுங்கள். இருட்டில், கைப்பேசியைத் தூக்கினால் அதன் வெளிச்சம் பூச்சிகளுக்கு ஆகாது என்ற கட்டுப்பாட்டில், ஆற்றின் நடுவே அரைமணி நேரம் பக்கத்தில் இருப்பவரோடு மெல்லிய குரலில் பேசுவதைத் தவிர வேறு காரியம் இல்லை. பகலில் வாய் திறவாத முதியவர்கள் அந்த இருட்டில் பேசத் தொடங்குவதை நான் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன். மின்சாரம் வராத காலத்து லயத்து இரவு, மண்ணெண்ணெய் விளக்கு, பால்மரக் காட்டின் நடுவே இதைப் போலவே மினுங்கிய பூச்சிகள், அவற்றைப் பிடித்துப் போத்தலில் அடைத்த பிள்ளைப் பருவம் என்று ஒவ்வொன்றாக வெளிவரும். வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து எத்தனை வற்புறுத்திக் கேட்டாலும் வராத கதைகள் அவை.

இந்த மின்மினிகளின் ஜீவனத்தைப் பற்றியும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். மரத்தில் ஒளிர்வது வளர்ந்த பூச்சி. அதன் ஆயுள் சில வாரங்களே. அதற்கு முன், புழுப் பருவத்தில், அது கரையோரத்து ஈரச் சேற்றில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. கடலின் உப்பு நீரும் மலையிலிருந்து இறங்கும் நன்னீரும் ஒரு பதத்தில் கலக்கும் இடத்தில்தான் அந்த நத்தையும் வாழும், பெரெம்பாங் மரமும் வேரூன்றும். ஆகையால் கரையை வெட்டிச் சீராக்கினாலும், கரை விளிம்புவரை செம்பனை நட்டாலும், மருந்து தெளித்தாலும், கோல குபு பாரு அருகே அணை கட்டித் தலைநகரத்தின் குழாய்களுக்காக ஆற்று நீரைத் தேக்கினாலும், அதன் விளைவு கடைசியில் இந்தச் சின்னஞ்சிறு பூச்சியின் தலையில் வந்து விழக்கூடும். முன்பிருந்த பிரகாசம் இப்போது இல்லை என்று கரையோர ஜனங்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் விளக்கைப் பாய்ச்சாமலும், கிளையைப் பறிக்காமலும், பூச்சியைப் பிடித்துக்கொண்டு போகாமலும் இருந்தால் அதுவே உபகாரம். துடுப்புப் போடும் படகோட்டியின் வருமானம் அந்த மரங்கள் உயிரோடு இருப்பதைப் பொறுத்தது என்பதால், நாம் கொடுக்கும் படகுக் கட்டணமும் அந்த மரங்களுக்கு ஒரு காவலே.

மற்ற இடங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் அறிந்தவையே. மெலாவாத்தி குன்றின் மேல் பழைய கோட்டையின் மிச்சமும் பீரங்கிகளும், 1907-இல் எழுப்பிய கலங்கரை விளக்கமும் உள்ளன. 1784-இல் டச்சுக்காரர்கள் அந்தக் கோட்டையைப் பிடித்து ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் சூட்டியதும், மறு வருஷமே சுல்தான் இப்ராஹிம் படை திரட்டி வந்து அதை மீட்டுக்கொண்டதும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க சரித்திரம். அங்கே கூட்டம் கூட்டமாகத் திரியும் கருநிறக் குரங்குகள், குட்டிகளை மட்டும் பொன்னிறமாக ஈன்றெடுக்கும் விந்தையும் பார்க்கத்தக்கதே. சாசாரான் கடலில் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர் வற்றி மணல்திட்டு தலைகாட்டும்போது வானம் தரையில் பிரதிபலிப்பதைக் காண இப்போது ஏகப்பட்ட கூட்டம். நாலு முதியவர்களை அழைத்துக்கொண்டு அந்தச் சேற்றில் இறங்குவது உசிதமல்ல. அவர்களுக்கு ஜெராமில் சுட்ட மீனும் மாலைக் காற்றும் போதும்.

தங்குவதற்கு, தஞ்சோங் காராங்கை அடுத்த சுங்கை சிரே போன்ற கிராமங்களில், வயலுக்கு நடுவே மலாய்க் குடும்பத்தார் தம் வீடுகளையே விருந்தினருக்குத் திறந்துவிடும் ஏற்பாடு இருக்கிறது. கடலோரச் சதுப்பாகக் கிடந்த அந்த நிலம், 1930-களில் தொடங்கிய நீர்ப்பாசன வேலையால், பெர்ணம் ஆற்றின் நீர் கால்வாய்களில் வந்து, இன்று ஆண்டுக்கு இரு போகம் விளையும் நெல்வயலாகி, செகிஞ்சான் அரிசியின் பெயரை நாடெங்கும் பரப்பியிருக்கிறது. இந்த வட்டாரத்துக் கிராமத்தார் பலர் ஜாவாவிலிருந்து வந்தவர்களின் வம்சத்தினர். அவர்களுடைய விசேஷ உணவாகிய நாசி அம்பெங், ஒரே பெரிய தாம்பாளத்தில் சோற்றைப் பரப்பி, அதன்மேல் கோழிக்கறியும் வறுத்த தேங்காய்த் துருவலும் தெம்பேயும் மீயும் வைத்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது. தட்டு வேறு, கிண்ணம் வேறு என்று பழகிப்போன நம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு தாம்பாளம் கற்பிப்பதை எந்தப் பிரசங்கமும் கற்பிக்காது. நம்மைப் போலவே கடல் தாண்டி வந்து, காட்டை வெட்டிக் குடியேறிய மற்றொரு ஜனத்தின் வீட்டுத் திண்ணையில் ஓரிரவு படுத்து எழுவதும் இந்தத் தேசத்தில் வாழ்கிறவர்களுக்கு வேண்டிய அனுபவமே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று. பிறந்த தோட்டத்துக்குப் போக வேண்டும்.

அங்கே என்ன இருக்கிறது என்று இளையவர்கள் கேட்பார்கள். பல இடங்களில் ஒன்றும் இல்லை என்பதே மெய். லயம் இடிந்திருக்கும், அல்லது முழுதாகவே போயிருக்கும். தமிழ்ப் பள்ளி நகரப் புறத்துக்கு இடம் மாறி, பழைய கட்டடத்தில் புதர் மண்டியிருக்கும். பந்தாட்டத் திடலில் செம்பனை நிற்கும். மாரியம்மன் கோயில் மட்டும் பெரும்பாலும் இருக்கிறது. ஊரே காலியான பிறகும், ஆண்டுதோறும் திருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்து வந்து, பால்குடம் எடுத்து, தீ மிதித்து, அன்னதானம் செய்து, அந்தக் கோயிலைப் பழைய ஜனங்கள் நிலைநிறுத்தி வருகிறார்கள். அவர்களுக்கு நம் சமூகம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறது என்பதை யாரும் கணக்கிட்டதில்லை. திருவிழா நாளின் மேளச் சத்தத்தில் பேச அவகாசம் கிடையாது. அதனால்தான் வேறொரு சாவகாசமான ஞாயிற்றுக்கிழமையில், தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்று, நாலு குடும்பமாகப் போக வேண்டும் என்கிறேன். கோயில் வாசலில் ஒரு முதியவரை நிறுத்தி, அவர் வாயால் அந்த மண்ணின் படத்தை வரையச் செய்யுங்கள். இங்கே பெரட்டுக் களம், அங்கே கிராணி வீடு, அந்த மேட்டில் துரை பங்களா, இந்த ஆலமரத்தடியில் முனியாண்டி, அதோ அந்தப் பள்ளத்தில் கள்ளுக்கடை என்று அவர் காட்டிக்கொண்டு போக, கூட வந்த பால்ய சினேகிதர் இடைமறித்து, கள்ளுக்கடை அங்கே இல்லை, ஆற்றுப் பக்கம் என்று திருத்த, இருவரும் வாக்குவாதம் செய்ய, அந்த வாதத்தின் நடுவே ஒரு முழுத் தோட்டம் எழுந்து நிற்கும். ஒருவர் தனியாக வந்தால் ஞாபகம் ஓரிரு வாக்கியத்தில் தீர்ந்துவிடும்; இருவர் வந்தால்தான் ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். பழைய நண்பரை அழைத்துவர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குரிய மிகப் பெரிய காரணம் இதுவே. நம் முன்னோர்களின் சரித்திரம் அரசாங்க ஏடுகளில் தலைக்கணக்காகவும், கம்பெனி ஏடுகளில் கூலிக் கணக்காகவும் இருக்கிறது. மனிதர்களாக இருப்பது இந்த முதியவர்களின் நினைவில்தான். 1938-இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை இங்கே அனுப்புவதைத் தடைசெய்வதற்கு முன் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளே இப்போது எண்பதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள்.

போகிற இடத்தில், மிஞ்சியிருக்கும் லயத்து வீடுகளிலோ புதிய குடியிருப்புகளிலோ, வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தொழிலாளிகள் வசிப்பதைப் பிள்ளைகள் காண்பார்கள். நம் பாட்டனார் இருந்த நிலையில் இன்று இருப்பவர்கள் அவர்கள். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருக்கும் அந்த இளைஞனிடம் நின்று நாலு வார்த்தை பேசி, கொண்டுபோன பலகாரத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு வருவது, வந்தவர்கள் யாவரும் செய்ய வேண்டிய மரியாதை என்று கருதுகிறேன்.

இத்தகைய பிரயாணங்கள் கெட்டுப்போகும் வழிகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது, அடுப்பு. ஆண்கள் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து பழங்கதை பேசுவதும், பெண்கள் வீட்டிலிருந்து தூக்கி வந்த அண்டாவோடு விடுதியின் சமையற்கட்டில் வியர்த்துக்கொண்டிருப்பதும் விடுமுறை ஆகாது. பாதிப் பேருக்கு விடுமுறை, பாதிப் பேருக்கு இடம் மாறிய வேலை. லயத்தில் சேர்ந்து வளர்ந்த பெண்களுக்கும் பால்ய சினேகிதிகள் உண்டு. கல்யாணம் ஆனதும் கணவனின் நண்பர்களையே தம் நண்பர்களாக ஏற்று, தங்களுடைய தோழிகளை விட்டுவிட்டவர்கள் அவர்கள். அந்தத் தோழிகளையும் தேடிப் பிடித்து அழைக்க வேண்டும்; சாப்பாட்டைக் கடையில் வாங்க வேண்டும், அல்லது ஆண்கள் சமைக்க வேண்டும். இரண்டாவது, போத்தல். பழைய நண்பர்கள் கூடினாலே குடி என்று ஒரு வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருப்பதை எல்லாரும் அறிவோம். அதனால்தான் பல வீடுகளில் கணவனின் பழைய நண்பர் என்ற பேச்சை எடுத்தாலே மனைவி முகம் சுளிக்கிறாள். அவள் சுளிப்பில் நியாயம் இருக்கிறது. தோட்டத்துக் கள்ளுக்கடை நம் குடும்பங்களைச் சீரழித்த கதையை அறிந்தவர்கள், அந்த இரண்டு நாட்களுக்கேனும் போத்தலைத் தொடாமல் இருந்தால், அடுத்த முறை வா என்று அழைக்கிறவர்கள் அந்த மனைவிமார்களாகவே இருப்பார்கள்.

மூன்றாவது காரணம்தான் பெரியது, அது பணம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த ஐவரில், ஒருவர் வழக்கறிஞராகியிருப்பார், ஒருவர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், ஒருவர் லாரி ஓட்டுகிறார், ஒருவர் ஆஸ்பத்திரியில் ஊழியர், ஒருவர் நோய்வாய்ப்பட்டு வீட்டோடு இருக்கிறார். வசதியுள்ளவர் உற்சாக மிகுதியால் கடலோர விடுதி ஒன்றின் பெயரை வாட்ஸாப் குழுவில் போட்டு, தலைக்கு இத்தனை வெள்ளி என்று எழுதிய மறுகணமே, இருவர் மௌனமாகிவிடுகிறார்கள். வேலை இருக்கிறது என்பார்கள், உறவில் கல்யாணம் என்பார்கள். பணமில்லை என்று மட்டும் சொல்லமாட்டார்கள். ஐவரில் மூவர் போய் வந்து படங்களைக் குழுவில் போட, மற்ற இருவர் மெல்ல விலகிப் போகிறார்கள். லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரே அளவு, ஒரே கூரை, ஒரே கூலி என்றிருந்ததனால் அன்று சினேகத்துக்கு விலை இருக்கவில்லை. இன்று அந்த விலையை நாமே வைத்துவிட்டோம். ஆகவே இடத்தையும் செலவையும் நண்பர்களுள் வசதி குறைந்தவரின் கையிருப்பைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். மிஞ்சுவதை மற்றவர்கள், பெயர் சொல்லாமல், கணக்குக் காட்டாமல் ஏற்க வேண்டும். வாகனமில்லாதவரின் வீட்டுக்கு ஒருவர் கார் போய் நிற்க வேண்டும். கணவனை இழந்த தோழி, தனியாக எப்படி வருவது என்று தயங்குவாள். அவளையும் பிள்ளைகளையும் மற்றொரு குடும்பத்தின் பொறுப்பாக முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட வேண்டும். நீரிழிவுக்காரருக்கு வேளைக்குச் சாப்பாடு, முழங்கால் வலிக்காரருக்குக் கீழ்த்தளத்து அறை என்ற சிறு கவனிப்புகளும் அவ்வாறே.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு நீங்கள் ஒரு பிரயாணம் யோசித்துக்கொண்டிருந்தால், விடுதியைத் தேடுவதற்கு முன் உங்கள் தோட்டத்துப் பழைய பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிய பின், உங்கள் பெற்றோரிடம் அந்தத் தாளைக் காட்டி, விட்டுப்போன பெயர்களைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு தொலைபேசியை எடுங்கள். முதல் அழைப்பு, நெடுநாளாகக் குழுவில் ஒரு வார்த்தையும் எழுதாமல் இருக்கும் அந்த நண்பருக்குப் போகட்டும். அவருக்கு எந்த ஞாயிறு ஒழியுமோ, அந்த ஞாயிற்றையே எல்லாருக்கும் குறித்துவிடுங்கள்.